சேட்டு யாரு? அடகுக்கடை பலகைக்குப் பின்னால ஒரு நீண்ட கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, பேச்சு நடை மாறாமல் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். வருஷத்துல சில நாள்தான் டாஸ்மாக் கடைக்கு லீவு விடுவாங்க. குடியரசு தினம், காந்தி ஜெயந்தி, இதெல்லாம் ஏன்னு நமக்குப் புரியும். அந்த லிஸ்ட்ல மகாவீர் ஜெயந்தியும் இருக்கு. அன்னிக்குக் கறிக்கடையும் மூடியிருக்கும். "யாருப்பா இந்த மகாவீர்?"னு ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்டிருப்பாங்க. கேட்டவரோட செயின் அந்த நேரம் மகாவீர் படம் மாட்டின ஒரு கடைப் பெட்டியில தூங்கிக்கிட்டு இருந்திருக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பை, வாலாஜாபாத்னு இந்தப் பக்கம் எந்தக் கடைத்தெருவுல நடந்தாலும் அடகுக்கடை இருக்கும். பலகையில "பேங்கர்ஸ்"னோ "ஜுவல்லர்ஸ்"னோ போட்டிருக்கும். நாம அதைச் "சேட்டு கடை"ன்னுதான் சொல்லுவோம். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாயோட முதல் கார் வெளிய வந்துச்சு. 2010-ல ஒரகடத்துல ரெனால்ட் நிசான் தொழிற்சாலை திறந்தாங்க. இந்த மாதிரி ஒவ்வொரு கம்பெனியும் வர வர, வாடகை ரூம், மெஸ், செல்போன் கடை, அடகுக்கடை எல்லாமே கூட வந்துச்சு.

ஆனா கல்லாவுக்குப் பின்னால உக்காந்திருக்கிறவர் யாரு? எங்கேருந்து வந்தாரு? எறும்பை மிதிக்கக்கூடாதுன்னு சொல்ற மதத்துக்காரர் ஏன் வட்டித் தொழில் பண்றாரு? இதுதான் இன்னிக்கு எபிசோட்.

ஒரே வார்த்தை, ரெண்டு வழி

முதல்ல பேரு. நாம "சேட்டு", "மார்வாடி", "ஜெயின்" மூணையும் ஒண்ணாவே சொல்லிடுறோம். மூணும் வேற வேற.

மார்வார்ங்கிறது ஒரு இடம். ராஜஸ்தான்ல ஜோத்பூரைச் சுத்தி இருக்கிற வறண்ட பகுதி. அங்கேருந்து வந்தவங்க மார்வாடி. மார்வாடி எல்லாரும் ஜெயின் கிடையாது. பிர்லா குடும்பத்தையே எடுத்துக்கோங்க, அவங்க மாஹேஸ்வரி, இந்துக்கள். அதே மாதிரி ஜெயின் எல்லாரும் மார்வாடியும் கிடையாது. குஜராத்தி ஜெயின் இருக்காங்க, கர்நாடகத்துல இருக்காங்க, நம்ம தமிழ்நாட்டுலயே தமிழைத் தாய்மொழியா வச்சிருக்கிற ஜெயின் இருக்காங்க. அவங்களைப் பத்திக் கடைசியில பேசுவோம்.

"சேட்டு"ங்கிறது சேட். அது "சிரேஷ்டி"ங்கிற சம்ஸ்கிருத வார்த்தையிலிருந்து வந்தது. வணிகர் தலைவர்னு பொருள். நம்ம ஊர் "செட்டி", "செட்டியார்"கூட அதே வேர்ல இருந்து வந்ததுன்னு பல மொழியறிஞர்கள் சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க, "அவர் சேட்டு, இவர் செட்டியார்"னு நாம பிரிச்சுப் பேசுற ரெண்டு பேரும் ஒரே வார்த்தையோட பிள்ளைங்க. சென்னை சௌகார்பேட்டையும் அப்படித்தான். சாகுகார்னா கடன் கொடுக்கிற வணிகர். அவங்க குடியிருந்த பேட்டை, சௌகார்பேட்டை.

ஓசியாவுல தொடங்கின கதை

தமிழ்நாட்டுல நாம பாக்குற மார்வாடி ஜெயின்கள்ல பெரிய பிரிவு ஓஸ்வால். ஜோத்பூருக்கு வடக்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர்ல ஓசியான்னு ஒரு ஊர் இருக்கு. அந்த ஊர்ப்பேர்லேருந்து வந்ததுதான் ஓஸ்வால்.

அவங்க சொல்ற கதை இது. ஓசியாவுக்கு ரத்னபிரபசூரின்னு ஒரு ஜெயின் துறவி வர்றாரு. ராஜா வீட்டுப் பிள்ளையைப் பாம்பு கடிச்சிடுது. செத்துட்டான்னு தூக்கிட்டுப் போகும்போது, துறவி அவனைப் பிழைக்க வைக்கிறாரு. ராஜாவும் ஊர்ச் சனங்களும் ஜெயின் ஆகுறாங்க. அந்த ஊர்ல பலி கேக்குற ஒரு அம்மன் இருந்தா, சாமுண்டா. துறவி சொன்ன பிறகு அவளும் ரத்தப் பலியை விட்டுட்டு, சச்சியாய் மாதாவா மாறினாளாம். இன்னிக்கும் நிறைய ஓஸ்வால் குடும்பங்களுக்கு அவதான் குலதெய்வம். நாம குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைக்கிற மாதிரி, அவங்க ரயிலேறி ஓசியாவுக்குப் போவாங்க.

இதெல்லாம் மகாவீரர் மறைஞ்சு 70 வருஷத்துல நடந்துச்சுன்னு மரபு சொல்லுது. அப்படிப் பாத்தா கி.மு. 5-ம் நூற்றாண்டு. ஆனா ஓசியாவுல இருக்கிற மகாவீரர் கோயிலோட காலம் கி.பி. 8-ம் நூற்றாண்டுன்னு வரலாற்று ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க. நடுவுல ஆயிரம் வருஷத்துக்கு மேல இடைவெளி. சரி, தேதி உண்மையில்லைன்னே வச்சுக்குவோம். கதை சொல்ற விஷயத்தைக் கவனிங்க. ஓஸ்வால்கள்ல பல கோத்திரங்கள் தங்களோட முன்னோர் ராஜபுத்திரர்கள்னு சொல்லிக்கிறாங்க. அதாவது, வாள் பிடிச்ச கை தராசு பிடிச்சுது, பலி வாங்கின தெய்வம் சைவமாச்சு. ஒரு சமூகம் தன்னைப் பத்திச் சொல்லிக்கிற முதல் வாக்கியமே "நாங்க ஒரு காலத்துல இப்படி இருந்தோம், அதை விட்டுட்டோம்"ங்கிறதுதான்.

ஓஸ்வால் மாதிரியே போர்வால்னு ஒரு பிரிவு. அபு மலையில இருக்கிற தில்வாரா பளிங்குக் கோயில் படங்களை இன்ஸ்டாவுல பாத்திருப்பீங்க. அதுல மூத்த கோயிலை 1031-ல கட்டினவர் விமல் ஷா. குஜராத்தை ஆண்ட சோலங்கி அரசரோட அமைச்சர், போர்வால் வம்சம். வியாபாரம், அரசாங்க வேலை, கோயில் கட்டுறது, மூணும் அப்பவே ஒண்ணாத்தான் போயிருக்கு.

ஏன் வியாபாரம்?

பொதுவா சொல்ற பதில் ஒண்ணு இருக்கு. ஜெயின் மதத்துல இல்லறத்தார் செய்யக்கூடாத 15 தொழில்னு ஒரு பட்டியல் உண்டு. கரி சுடுறது, காடு வெட்டுறது, தந்தம் விக்கிறது, சாராயம், விஷம், ஆயுதம் விக்கிறது, இப்படிப் போகும். மண்ணைத் தோண்டினாலும் உயிர் சாகும். அப்போ மிச்சம் என்ன? துணி, தானியம், நகை, பணம். அதனாலதான் வியாபாரத்துக்குப் போனாங்கன்னு சொல்லுவாங்க.

கேக்க நல்லா இருக்கு, ஆனா முழு பதில் இல்ல. ஏன்னா, தமிழ்நாட்டு ஜெயின்கள் பெரும்பாலும் விவசாயிகள். அதே மதம், அதே அகிம்சை, ஆனா ஏர் பிடிச்சாங்க. அப்போ மதத்தோட மண்ணையும் சேர்த்துத்தான் பாக்கணும். மார்வார்ல மழை குறைவு, நிலத்தை நம்பிப் பொழைக்க முடியாது. ஆனா டெல்லியிலிருந்து குஜராத் துறைமுகங்களுக்குப் போற பாதை அந்தப் பக்கமாப் போச்சு. ஒட்டகத்துல சரக்கு போகும், சரக்கு பின்னாலயே கடன் போகும்.

அப்படிப் போனவங்கள்ல உச்சம் தொட்ட குடும்பம் ஜகத் சேட். 1652-ல நாகோர்ங்கிற ஊர்லேருந்து ஹீரானந்த் சாகுன்னு ஒரு ஓஸ்வால் பாட்னாவுக்குக் கிளம்பிப் போனார். அடுத்த 75 வருஷத்துக்குள்ள அந்தக் குடும்பத்துக்கு முகலாயப் பேரரசர் "ஜகத் சேட்", உலகத்துக்கே சேட்டுன்னு பட்டம் கொடுத்தாரு. வங்காள நவாப்புக்கும் கடன், கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கடன். 1757 பிளாசிப் போருக்கு முன்னால நடந்த சதியில அவங்களுக்கும் பங்கு உண்டு. 1763-ல மீர் காசிம் அந்தக் குடும்பத் தலைவரைக் கொன்னாரு. ராஜாவுக்குக் கடன் கொடுக்கிறது எவ்வளவு லாபமோ அவ்வளவு ஆபத்து.

கடைப் பையன் எப்படி முதலாளி ஆனான்

தெற்குப் பக்கம் இவங்க பெரிய எண்ணிக்கையில வந்தது 19-ம் நூற்றாண்டுலயும் அதுக்கப்புறமும்தான். ரயில் வந்துச்சு. 1899–1900-ல ராஜஸ்தான்ல கொடும் பஞ்சம். அவங்க நாட்காட்டியில அது 1956-ம் வருஷம், அதனால "சப்பனியா அகால்"னு, அதாவது ஐம்பத்தாறு பஞ்சம்னு இன்னும் சொல்றாங்க. நம்ம பாட்டிமார் "தாது வருஷப் பஞ்சம்"னு சொல்ற மாதிரி.

வந்தவன் கையில காசு இல்ல. ஆனா ஒரு முகவரி இருக்கும். ஊர்க்காரரோ மாமாவோ வச்சிருக்கிற கடை. அங்கயே தங்கல், சாப்பாடு, எடுபிடி வேலை. கணக்கு எழுதக் கத்துக்குவான். அஞ்சாறு வருஷம் கழிச்சு, அதே உறவுக்காரங்க சரக்கோ முதலோ கடனாக் கொடுத்து அடுத்த ஊர்ல கடை வச்சுக் கொடுப்பாங்க. அவன் ஏமாத்தினா, கல்யாணத்துக்குப் பொண்ணு கிடைக்காது. பேங்க்ல சிபில் ஸ்கோர் பாக்குறோமே, அவங்களுக்குச் சாதிதான் சிபில் ஸ்கோர். இதோட மறுபக்கத்தையும் சொல்லணும். உள்ள இருக்கிறவனுக்கு இது ஏணி, வெளிய இருக்கிறவனுக்கு இது சுவர். எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த வட்டத்துக்கு வெளிய இருக்கிற பையனுக்கு அந்தக் கடன் கிடைக்காது.

ஊர் விட்டு ஊர் பணம் அனுப்ப ஹுண்டி இருந்துச்சு. ஒரு காகிதம், "இதைக் கொண்டு வர்றவருக்கு இவ்வளவு கொடு"ன்னு. நம்ம நாட்டுக்கோட்டை நகரத்தாரும் இதைத்தான் உண்டியல்னு சொல்லி பர்மா வரைக்கும் ஓட்டினாங்க.

கணக்கு எழுத மகாஜனின்னு தனி எழுத்து. வேகமா எழுதணும்னு உயிர்க்குறிகளையெல்லாம் விட்டுடுவாங்க. அதை வச்சு வட நாட்டுல ஒரு பழைய ஜோக் உண்டு. ஊருக்குக் கடிதம் போகுது: "காக்காஜி அஜ்மேர் கயா", அப்பா அஜ்மீருக்குப் போயிருக்கார். படிச்சவங்க "காக்காஜி ஆஜ் மர் கயா"ன்னு படிச்சுட்டாங்க. அப்பா இன்னிக்குச் செத்துட்டார்! வீடே ஒப்பாரி.

நோன்பும் கணக்கும்

இப்போ பழக்கவழக்கத்துக்கு வருவோம். ஃபுட் ஆப்ல "ஜெயின்"னு ஒரு ஆப்ஷன் இருக்கும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. கிழங்கைப் பிடுங்கினா செடியே சாகும், அதுல எண்ணற்ற உயிர் இருக்குங்கிறது நம்பிக்கை. அதனால ஜெயின் பாவ் பாஜியில உருளைக்குப் பதில் வாழைக்காய் போடுவாங்க. கட்டுப்பாடா இருக்கிறவங்க சூரியன் மறைஞ்ச பிறகு சாப்பிட மாட்டாங்க. தண்ணியைக் காய்ச்சித்தான் குடிப்பாங்க.

உள்ளேயும் பிரிவுகள் இருக்கு. சிலை வச்சுக் கும்பிடுறவங்க ஒரு பக்கம். சிலையே வேண்டாம்னு, வாயில வெள்ளைத் துணி கட்டுற துறவிகளைப் பின்பற்றுற ஸ்தானகவாசிகள் இன்னொரு பக்கம். 1760-ல ஆச்சார்ய பிட்சு தொடங்கின தேராபந்திகளும் இருக்காங்க. இந்தத் துறவிகள் வண்டி ஏற மாட்டாங்க. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில விடிகாலையில வெள்ளை உடுப்புல செருப்பில்லாம நடந்து போறவங்களைக் கம்பெனி பஸ் ஜன்னல்லேருந்து நீங்க பாத்திருக்கலாம். மழைக்காலம் நாலு மாசம் மட்டும் ஒரே ஊர்ல தங்குவாங்க. அப்போ பூச்சி, புழு அதிகம், நடந்தா மிதிபடும்.

அட்சய திருதியை நமக்குக் கிராம் கணக்குல தங்கம் வாங்குற நாள். அவங்களுக்கு அது நோன்பு முடிக்கிற நாள். முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவர் ஒரு வருஷத்துக்கும் மேல பட்டினி கிடந்து, அன்னிக்குக் கரும்புச் சாறு வாங்கிக் குடிச்சாருன்னு கதை. அதை நினைச்சு, ஒரு வருஷத்துக்கும் மேல ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி இருக்கிறவங்க அன்னிக்குக் கரும்புச் சாறு குடிச்சு முடிப்பாங்க. நமக்கு நகை விக்கிற சேட்டு வீட்டுல, அன்னிக்கு ஒரு பாட்டி கரும்புச் சாறுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலாம்.

தீபாவளி அவங்களுக்கு மகாவீரர் மோட்சம் அடைஞ்ச நாள். அப்போ புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போடுவாங்க. கோயில்ல முதல் பூஜை யார் செய்யறதுன்னு ஏலம் விடுவாங்க, அதுக்குப் பேரு போலி. சிரிக்காதீங்க, அங்க போலின்னா ஏலம் கேக்குறது. பல இடத்துல தொகையை ரூபாயில சொல்லாம, இத்தனை மணங்கு நெய்னு சொல்லுவாங்க. அந்தப் பணம் கோயிலுக்குப் போகும். வியாபாரத்துல சம்பாதிச்ச பேரை அங்க எல்லார் முன்னாடியும் கொடுத்துக் காட்டணும்.

ஆகஸ்ட், செப்டம்பர்ல எட்டு நாள் பர்யூஷன். கடைசி நாள் எல்லாரும் எல்லார்கிட்டயும் "மிச்சாமி துக்கடம்"னு சொல்லுவாங்க. பிராகிருத வார்த்தை. நான் செஞ்ச தப்பு பலனில்லாமப் போகட்டும், மன்னிச்சிடுங்கன்னு பொருள். இப்போ அது வாட்ஸப் ஃபார்வர்டாவும் வருது.

அகிம்சையும் வட்டியும்

சரி, கஷ்டமான கேள்விக்கு வருவோம். எறும்புக்குப் பாவம் பாக்குறவர் வட்டிக்குப் பாவம் பாக்க மாட்டாரா?

1875-ல பூனா, அகமத்நகர் மாவட்டங்கள்ல விவசாயிகள் கிளர்ச்சி பண்ணாங்க. குறி வச்சது மார்வாடி, குஜராத்தி வட்டிக்கடைகளை. பெரும்பாலும் ஆளை விட்டுட்டு, பத்திரத்தையும் கணக்குப் புத்தகத்தையும்தான் கேட்டு வாங்கிக் கொளுத்தினாங்க. பருத்தி விலை விழுந்தும் அரசாங்கம் வரியைக் குறைக்கல. வரி கட்டக் கடன் வாங்கி, கடனுக்கு நிலம் போச்சு. கொள்கை போட்டது வெள்ளைக்காரன், ஆனா விவசாயி கண்ணுக்குத் தெரிஞ்சது சேட்டு. பிறகு 1879-ல விவசாயிகளுக்கு நிவாரணம் தர ஒரு சட்டம் வந்துச்சு.

இந்தக் கதையில சேட்டு அப்பாவின்னு சொல்ல வரல. கை நாட்டு வாங்கி நிலத்தை எழுதிக்கிட்டவங்க இருந்தாங்க. ஜெயின் மதமே இதை உணர்ந்திருக்கு. அபரிக்கிரகம்னு ஒரு விரதம் உண்டு. சொத்துக்கு நீயே ஒரு எல்லை போட்டுக்கோ, அதுக்கு மேல வந்தா வச்சுக்காதேன்னு சொல்லுது. 1949-ல ஆச்சார்ய துளசி அணுவிரத இயக்கம் தொடங்கினப்ப, கலப்படம், ஏமாத்து வியாபாரத்துக்கு எதிரா உறுதிமொழி எடுக்க வச்சாரு. வெளியாள் கேக்குற கேள்வியை உள்ளாளும் கேட்டிருக்காங்க.

இப்போ நம்ம பக்கம் வருவோம். ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியை எடுத்துக்குவோம். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ராத்திரிக்குள்ள பத்தாயிரம் வேணும். பேங்க் மூணரைக்கு மூடிடும், இவருக்கு ஷிப்ட் முடியறதே அஞ்சு மணிக்கு. உள்ளூர் முகவரியில ஆதார் இல்ல. அடகுக்கடையில உரைகல்லுல உரசி, எடை போட்டு, பத்து நிமிஷத்துல பணம். அந்த வேகத்துக்குத்தான் கூடுதல் வட்டி. பிறகு ஓவர்டைம் குறையுது, கம்பெனி ஆளைக் குறைக்குது. வட்டி கட்டி மாத்தி வைக்கிறாங்க. ஒருநாள் நகை மூழ்கிடுது. "மூழ்கிடுச்சு"ன்னு நாம சொல்றோமே, அந்த வார்த்தையிலேயே எவ்வளவு வலி இருக்கு பாருங்க. அந்தக் கோபம் சேட்டு மேல வருது. சம்பளம் ஏன் மாசக் கடைசி வரைக்கும் வரலைங்கிற கேள்வி யார் மேலயும் வர்றதில்ல.

அதனால ரெண்டு விஷயம் சொல்லிடுறேன். ஒண்ணு, தமிழ்நாட்டுல அடகுத் தொழிலுக்கு 1943-லேருந்தே சட்டம் இருக்கு. லைசென்ஸ் இல்லாம நடத்தக்கூடாது. நகைக்கு ரசீது கட்டாயம் கொடுக்கணும். எடை, தொகை, வட்டி எல்லாம் அதுல இருக்கான்னு பாத்து வாங்குங்க. துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தா வாங்காதீங்க. ரெண்டு, வட்டி அநியாயமா இருந்தா கேள்வி கேளுங்க. வட்டியைப் பத்திக் கேளுங்க, அவரோட மொழியையும் ஊரையும் இழுக்காதீங்க. அதே வட்டியை உள்ளூர்க்காரர் வாங்கினாலும் அதே கேள்விதான்.

"எப்ப வந்தீங்க?"

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவுல ஜெயின்கள் 44 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. தமிழ்நாட்டுல ஏறக்குறைய 89 ஆயிரம். 2014 ஜனவரியில மத்திய அரசு அவங்களைத் தேசிய அளவுல சிறுபான்மையா அறிவிச்சுது. அந்த 89 ஆயிரத்துல, மார்வாடி குஜராத்தி குடும்பங்களோட, நயினார்னு பட்டம் போட்டுக்கிற தமிழ் ஜெயின்களும் இருக்காங்க. வந்தவாசி, செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் ஊர்கள். செஞ்சி பக்கத்துல மேல்சித்தாமூர்ல அவங்க மடம். அவங்க திகம்பரப் பிரிவு, ஓஸ்வால்கள் சுவேதாம்பரர். ஒரே மதம், ஆனா கோயில் வேற, பண்டிகை வேற, வீட்டுல பேசுற மொழி வேற.

சமணத்தைத் தூக்கிட்டா நம்ம இலக்கியத்துல பாதி அலமாரி காலி. சிலப்பதிகாரத்துல கோவலன் வணிகன். மனைவி சிலம்பை வித்து முதல் போடலாம்னுதான் மதுரைக்குப் போறான். நகையை எடுத்துக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போற அந்தக் கதையில, வழித்துணையா நடந்து வர்ற கவுந்தியடிகள் ஒரு சமணத் துறவி. நெடுஞ்சாலையில நடக்குற வெள்ளை உடுப்புக்காரங்க நமக்குப் புதுசு இல்ல.

அதே மாதிரி, மூணு நாலு தலைமுறையா இங்க இருக்கிற மார்வாடி பிள்ளைங்க நம்மளை விட நல்ல சென்னைத் தமிழ் பேசுறாங்க. மீனம்பாக்கத்துல 1952-ல தொடங்கின ஏ.எம். ஜெயின் கல்லூரியில படிச்ச பிள்ளைங்க இந்தக் காரிடார் கம்பெனிகள்லயும் வேலை பாக்குறாங்க. கல்லாவுல உக்கார விருப்பமில்லாம சி.ஏ., ஐ.டி.ன்னு போற பிள்ளைங்களும் நிறைய. பெரிய தங்கக் கடன் நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு வந்துட்டதால, சின்ன அடகுக்கடைக்கு இது இறங்குமுகம். கொஞ்ச வருஷத்துல "சேட்டு கடை"ங்கிற வார்த்தையே பழைய வார்த்தை ஆகலாம். அப்பவும் நகை அடகுக்குப் போகும். ஆப்ல போகும், பேரம் பேச எதிர்ல ஒரு முகம் இருக்காது.

ஒரு வேலை கொடுத்துட்டு முடிக்கிறேன். ஷிப்ட் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரம் பக்கத்துல திருப்பருத்திக்குன்றத்துக்குப் போயிட்டு வாங்க. ஸ்ரீபெரும்புதூர்லேருந்து பைக்ல ஒரு மணி நேரம். அதுக்குப் பழைய பேரு ஜின காஞ்சி. 1387-ல விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டின சங்கீத மண்டபம் அங்க இருக்கு. கூரையை அண்ணாந்து பாருங்க, தீர்த்தங்கரர் கதைகள் ஓவியமா இருக்கும். பட்டுச்சேலை எடுக்கவே காஞ்சிபுரம் போறவங்க இதைப் பாக்காமலே திரும்பிடுறாங்க.

போயிட்டு வந்து எழுதுங்க. உங்க ஊர் அடகுக்கடை அனுபவம் நல்லதோ கெட்டதோ, அதையும் அனுப்புங்க. கடைப் பேர், ஆள் பேர் மட்டும் வேண்டாம். அடுத்த எபிசோடுல சந்திப்போம். வணக்கம்.